விரால் வளர்ப்பு: சிக்கல் தண்ணீரில் இல்லை, வாயில்

வயல்வெளி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் 40 சென்ட் பள்ளக்கால். ஐப்பசியில் தேங்குகிற தண்ணீர் தை பிறந்தும் வடியாது. நெல் நட்டால் அழுகும், நடாவிட்டால் கோரை மண்டும். அதை வெட்டிக் குளமாக்கிவிடலாம் என்று இரண்டு வருடமாக யோசனை. இப்போது ஒரு குஞ்சு வியாபாரி வந்து, "கட்லா ரோகு போட்டு என்ன பார்க்கப் போகிறீர்கள், விரால் போடுங்கள். 5,000 குஞ்சு, எட்டு மாதம், ஒவ்வொன்றும் ஒரு கிலோ, நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். 5,000 கிலோ என்று கணக்குப் போட்டாலே தலை சுற்றுகிறது. சின்ன வயதில் தாத்தா ஊத்தா குத்தி விரால் பிடிப்பதைப் பார்த்தவன் நான். சேற்றில் கிடந்தும் பிழைக்கிற மீன் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வளர்த்தவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கண்மாய்க்காரன்:
தம்பி, சிவகங்கைப் பக்கம் மூன்று தடவை விட்டு எடுத்தவன் சொல்கிறேன். முதல் தடவை நானும் இதே 5,000 கணக்கில்தான் இறங்கினேன். குளத்தை வற்றவைத்து எடுத்தபோது கைக்கு வந்தது 1,640. மீதி எங்கே என்று கேட்காதே. கொஞ்சம் கொக்கும் பாம்பும் தின்றது, கொஞ்சம் மழை இரவில் கரையேறிப் போனது, பெரும்பங்கு அந்த 1,640-இன் வயிற்றுக்குள்ளேயே போனது.

எட்டு மாதத்தில் ஒரு கிலோ வரும். வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூற்றுக்கு ஐந்தாறு மீன்தான் அப்படி வரும், அந்த ஐந்தாறும் கூடப்பிறந்ததைத் தின்று வந்தவை. மற்றது 400 கிராம், 600 கிராம் என்று முன்னே பின்னே இருக்கும். எல்லாம் முக்கால் கிலோவைத் தொட வேண்டுமென்றால் பத்துப் பதினோரு மாதம் ஆகும்.

"நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்பதை எழுதித் தரச் சொல். என்ன எடை, என்ன விலை, எந்த மாதம் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கிறாரா பார்.

செவுள்:
மீன்வளம் படித்துவிட்டு இப்போது ஒரு குஞ்சுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். கண்மாய்க்காரன் அண்ணன் சொன்ன 1,640-க்குப் பின்னால் இருக்கிற உயிரியலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயல்வெளி சார், குளம் வெட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு காற்றறை இருக்கிறது. அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக ரத்த நாளங்களால் நிறைந்தது. மீன் மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை அள்ளிக்கொண்டு இறங்கும். இது வசதிக்காக வைத்திருக்கிற உபரி உறுப்பு இல்லை. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். குஞ்சு ஏற்றி வரும்போது கேனை வாய்வரை நிரப்பி மூடி, வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் மிதந்தது என்று ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதிக்குக் கீழே தண்ணீர், மேலே காற்று, அதுதான் முறை.

இதனால் ஒரு பெரிய லாபம் உண்டு. விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கி கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாய் பிளக்கிற குளத்தில் விரால் நிம்மதியாக இருக்கும். அதை வைத்துத்தான் "அசுத்தத் தண்ணீரிலும் வளரும்" என்று விற்கிறார்கள். அது பாதி உண்மை. ஆக்சிஜனை மேலிருந்து எடுத்துக்கொண்டாலும், உடம்பில் சேரும் அம்மோனியாவைச் செவுள் வழியாகத் தண்ணீரில்தான் கழிக்க வேண்டும். அழுகிய தீவனம் தேங்கிய குளத்தில் விரால் உடனே சாகாது, தீனி எடுக்காமல் நிற்கும். சாவு கண்ணுக்குத் தெரியாததால் குளம் கெட்டதே நமக்குத் தெரியாது.

இன்னொன்று, ஆழம். குளம் ஆழமாக இருந்தால் நல்லது என்பது கெண்டைக் கணக்கு. விரால் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை மேலே வந்து போகிறது. ஆழம் கூடக் கூட அந்தப் பயணத்துக்கே தின்றதில் ஒரு பங்கு செலவாகிவிடும். மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் 1970-களிலேயே விராலைத் தொட்டியில் வைத்து, தின்ற தீனி, நீந்திய தூரம், ஏறிய எடை என்று அளந்து பார்த்தவர்கள். உங்கள் பள்ளக்காலுக்கு மூன்றடி, நாலடித் தண்ணீர் போதும். பொக்லைன்காரர் எட்டடி வெட்டலாம் என்பார், கேட்காதீர்கள்.

சொல்வேட்டை:
இடையில் ஒரு சின்ன சந்தேகம். விராலா, விறாலா, வராலா? பழைய பாட்டுகளில் எல்லாம் வரால்தான் வருகிறது. மலையாளத்திலும் வரால். "அயிரை விட்டு வரால் வாங்குவது" என்று பழமொழியும் இருக்கிறது, சின்னதைப் போட்டுப் பெரியதை எடுப்பது என்ற அர்த்தத்தில்.

கண்மாய்க்காரன்:
அந்தப் பழமொழி சொன்னவர் விரால் வளர்த்திருக்க மாட்டார். ஒரு கிலோ வரால் எடுக்க நாலு கிலோ அயிரை போட வேண்டும், மதுரையில் அயிரை விலை தெரியுமா உங்களுக்கு? விராலைத் தாண்டிப் போகும்.

தூண்டில்காரன்:
😀 உண்மை அண்ணே. நான் வளர்க்கிற ஆள் இல்லை, தூண்டில் போடுகிற ஆள். தவளைப் பொம்மையை வீசி இழுத்தால் விரால் வந்து அடிக்கும் பாருங்கள், தண்ணீர் வெடிப்பது போலச் சத்தம் வரும். ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். சில நேரம் குளத்தில் செக்கச்செவேல் என்று ஒரு குஞ்சுக்கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டே நகரும். அதன் நடுவில் தூண்டிலைப் போட்டால் பெரிய மீன் நிச்சயம் அடிக்கும். அது பசியா, கோபமா?

செவுள்:
கோபம். அது காவலில் இருக்கும் மீன்.

மழை தொடங்கி புதுத்தண்ணீர் ஏறியதும் ஜோடி சேர்ந்து, ஓரத்துப் புல், பாசி, தாமரை இலைகளுக்கிடையே ஒரு வட்டத்தை வாயாலும் வாலாலும் துப்புரவாக்கிக்கொள்ளும். முட்டை எண்ணெய்ச் சத்து உள்ளது, அதனால் மிதக்கும். மஞ்சள் மணிகள் ஒரு படலமாக மேலே பரவிக் கிடக்கும். நம் ஊர் வெயிலில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். அப்புறம் ஆண் அங்கேயே நிற்கும், பல சமயம் பெண்ணும் பக்கத்தில் இருக்கும். குஞ்சு செம்மஞ்சளாக, பந்து பந்தாகச் சேர்ந்து திரியும். காற்று எடுக்க எல்லாம் ஒன்றாக மேலே வருவதுதான் நீங்கள் பார்க்கிற கொப்பளிப்பு. ஒன்றிரண்டு அங்குலம் வளர்ந்து, நிறம் மங்கிப் பழுப்பான பிறகுதான் கூட்டம் கலையும்.

காவல் மீனைப் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டத்தைக் கெளுத்தியும் குறவையும் தவளையும் அன்றைக்கே தீர்த்துவிடும். ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற மீன் என்றாலும், கெண்டை மாதிரி லட்சக்கணக்கில் இடுவதில்லை. முட்டை குறைவு, காவல் அதிகம், அதுதான் இதன் பிழைப்பு. பந்தின் மேல் தூண்டில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தூண்டில்காரன்:
சரி, இனிமேல் போடவில்லை. இது தெரியாமல் எத்தனை பிடித்திருக்கிறேன் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

வயல்வெளி:
நன்றி செவுள் சார், குளத்தை நாலடியோடு நிறுத்திக்கொள்கிறேன். குஞ்சு பற்றிச் சொல்லுங்கள். வியாபாரி ஒன்றரை அங்குலக் குஞ்சு ஆறு ரூபாய் என்கிறார். வேறொருவர் நாலு அங்குலம் 12 ரூபாய் என்கிறார். பாதி விலையில் கிடைப்பதை வாங்கி நானே வளர்த்துக்கொள்ளலாம்தானே? எங்கள் வாய்க்காலிலேயே மழைக்குக் குஞ்சு கிடைக்கும், அதைப் பிடித்து விட்டால் என்ன என்று அப்பாவும் கேட்கிறார்.

செவுள்:
சார், விலை வித்தியாசம் அளவுக்காக மட்டும் இல்லை. தீவனம் தின்னப் பழகிய குஞ்சா, பழகாத குஞ்சா என்பதுதான் விலை.

விரால் பிறவி வேட்டைக்காரன். அசைவதைத்தான் தின்னும். பொரிந்து மூன்று நாலு நாளில் மஞ்சள்கரு தீர்ந்ததும் அதற்கு உயிருள்ள சின்னஞ்சிறு இரை வேண்டும், தண்ணீர்ப்பூச்சி, ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரி) குஞ்சு போல. அப்புறம் புழு. அங்கிருந்து மீன்கூழ், மீன்கூழோடு கொஞ்சம் தூள் தீவனம், தீவனத்தின் பங்கைக் கூட்டிக்கொண்டே போய் கடைசியில் முழுத் தீவனம். வாரக்கணக்கில் பிடிக்கிற வேலை. நடுவில் இரண்டு நாள் அவசரப்பட்டால் குஞ்சு தீவனத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் குஞ்சைப் பார்க்கும். வாய் அகலம் அப்படி, தன்னைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் போதும், தலையோடு உள்ளே இழுத்துவிடும். சில சமயம் விழுங்க முடியாமல் இரண்டும் செத்து மிதக்கும், ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால் தெரியும்.

அதனால்தான் வாரம் ஒரு தடவை தரம் பிரிக்கச் சொல்கிறோம். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று ஹாப்பாவில், அதாவது தண்ணீருக்குள் கட்டும் வலைத்தொட்டியில். நாலு அங்குலம் தாண்டும் வரை இதை விடக்கூடாது. ஒன்றரை அங்குலத்தை வாங்கி நேரே குளத்தில் கொட்டினால் யார் தரம் பிரிப்பது? அவையே பிரித்துக்கொள்ளும்.

வாய்க்கால் குஞ்சு வேண்டாம். ஒரு பந்தைத் தூக்கினால் ஒரு ஜோடியின் அந்த வருட உழைப்பு போயிற்று. பந்து பந்தாக அளவும் மாறும், அதோடு காட்டுக் குஞ்சைத் தீவனத்துக்குத் திருப்புவது ரொம்பக் கஷ்டம். பண்ணையில் தாய்மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறோம். ஊசி போட்டு ஒரு நாள் கழித்து முட்டை கிடைக்கும். இது புதுசு ஒன்றும் இல்லை, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆய்வு மையத்தில் விரால் இனப்பெருக்கத்தைப் பல வருடம் செய்து காட்டியிருக்கிறார்கள். முட்டை எடுப்பது இப்போது எளிது, குஞ்சைத் தீவனத்துக்குக் கொண்டுவருவதுதான் எங்களுக்கே தூக்கத்தைக் கெடுக்கிறது.

வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். பண்ணைக்கு நேரில் போய், உங்கள் கண் முன்னால் மிதவைத் தீவனம் ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்கள். எல்லாம் மேலே வந்து அடித்தால் வாங்குங்கள். "இப்போதுதான் தின்றது" என்றால் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கண்மாய்க்காரன்:
இதை யாராவது எனக்கு அப்போதே சொல்லியிருந்தால் ஒரு லட்சம் மிஞ்சியிருக்கும். என் முதல் குஞ்சு தீவனத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் கோழிக்கடைக் கழிவை வாங்கி நறுக்கிப் போட்டேன். தின்றது, நன்றாகவே தின்றது. பதினைந்து நாளில் தண்ணீர் கறுத்து, கரையில் நிற்க முடியாத நாற்றம். பக்கத்து வயல்காரர் பஞ்சாயத்து வைத்தார். நியாயம் அவர் பக்கம்தான், என்ன சொல்ல. எடுத்த மீனையும் ஊரில் பாதிப் பேர் வாங்கவில்லை, "கோழிக்குடல் விரால்" என்று பெயர் ஆகிவிட்டது.

தொட்டிமீன்:
நீங்கள் எல்லாம் ஏன் இன்னும் மண் குளத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? பயோஃப்ளாக் போடுங்கள். தார்ப்பாய்த் தொட்டி, இடம் கால் சென்ட் போதும். தண்ணீரில் உருவாகும் ஃப்ளாக்கையே மீன் தின்னும், தீவனச் செலவு பாதி. விராலுக்கு ஆக்சிஜனும் தேவையில்லை. ஒரு தொட்டியில் 2,000 விரால் நிற்கும். நான் இரண்டு தொட்டி போட்டு நாலு மாதம் ஆகிறது, அருமையாக இருக்கிறது.

செவுள்:
நண்பரே, உங்கள் மீன் நன்றாக வரட்டும். ஆனால் ஃப்ளாக் என்பது பாக்டீரியாவும் பாசியும் கழிவுத் துகளும் சேர்ந்த திரள். அதை மேய்ந்து தின்ன திலேப்பியாவுக்கும் இறாலுக்கும் முடியும். விரால் மேய்கிற மீன் இல்லை, அதன் பல்லைப் பார்த்தாலே தெரியும். அதனால் தீவனச் செலவு பாதியாகும் என்பது விராலுக்குப் பொருந்தாது. ஃப்ளாக் அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும், அந்த லாபம் உண்டு. அதற்கு அந்த பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு 24 மணி நேரமும் காற்று ஓட வேண்டும். மீனுக்கு ஆக்சிஜன் வேண்டாமே என்று மோட்டாரை நிறுத்தினால் ஃப்ளாக் அழுகி, அந்த அம்மோனியா எல்லாம் ஒரே இரவில் திரும்பி வரும். மேலே வலை கட்டியிருக்கிறீர்களா? நாலு மாத விரால் தொட்டி விளிம்பைத் தாண்டுவது சாதாரணம்.

தொட்டிமீன்:
வலை கட்டவில்லை. போன வாரம் காலையில் தொட்டிக்கு வெளியே ஏழு கிடந்தது. பூனை வேலை என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்றவன்:
இந்தப் பேச்சைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வருகிறது. மீன்துறையில் 33 வருடம் இருந்தேன். அந்தக் காலத்தில் குளத்துக்காரரிடம் முதலில் சொல்வதே "விராலை ஒழி" என்பதுதான். கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன் ஏக்கருக்கு ஒரு டன் இலுப்பைப் புண்ணாக்கு போடச் சொல்வோம். அதில் இருக்கும் நச்சு ரத்தத்தைக் கெடுத்து விரால், குறவை, கெளுத்தி எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்துவிடும். களைமீன் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தோம். செத்து மிதந்த விராலைச் சனம் அள்ளிக்கொண்டு போகும், குளத்திலேயே விலை அதிகமான மீன் அதுதான் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கெண்டை டன் கணக்கில் வந்தது, அது தவறு என்று சொல்ல மாட்டேன். தெலங்கானாக்காரர்கள் இதே மீனைக் கொரமேனு என்று மாநில மீனாகவே வைத்துக்கொண்டார்கள்.

வயல்வெளி தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. 1988-இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் ஒரு புண் நோய் வந்தது. அடுத்த சில வருடங்களில் தெற்கே வந்து குளம் குளமாக விராலையும் குறவையும் அள்ளியது. உடம்பில் சிவப்புப் புள்ளி, அப்புறம் குழிப்புண், சதை தெரியும் அளவுக்கு அழுகும். அஃபனோமைசிஸ் என்கிற பூஞ்சை போன்ற உயிரி அது. இப்போதும் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் குளிரும்போது தலைகாட்டும். மழைக்குப் பிறகு கார அமிலத் தன்மையைப் பார்த்துச் சுண்ணாம்பு போடுவது, வாய்க்கால் தண்ணீரை வடிகட்டாமல் உள்ளே விடாதது, ஐப்பசிக்கு மேல் வலை இழுத்து மீன் உடம்பில் கீறல் போடாதது, இவ்வளவுதான் நம் கையில் இருப்பது. டெல்டாவில் அந்த மாதங்களில்தான் உன் வயலைச் சுற்றி எல்லாத் தண்ணீரும் ஒன்றாகிறது என்பதை மறந்துவிடாதே.

வயல்வெளி:
ஐயா, இது நான் யோசிக்காத விஷயம். எங்கள் பள்ளக்காலில் வெள்ளம் வந்தால் வரப்பே தெரியாது. மீன் என்னுடையதா ஊருடையதா என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்றவன்:
அப்படியென்றால் முதல் செலவு குஞ்சு இல்லை, கரை. எத்தனை வெள்ளம் வந்தாலும் ஒன்றரை அடி மேலே நிற்கிற மாதிரி கரையை உயர்த்து. கரை மேல் நாலடிக்கு வலையைச் சுற்றிக் கட்டு, அடியை மண்ணுக்குள் புதைத்துவிடு. விரால் மழை இரவில் ஈரப்புல்லில் ஊர்ந்தே அடுத்த பள்ளத்துக்குப் போகும்.

சந்தைக்கடை:
நான் விற்கிற பக்கம். கும்பகோணத்தில் உயிர்மீன் கடை. விராலில் இருக்கிற வசதி, காலையில் வந்தது இரவு வரை தொட்டியில் இரண்டு விரல் தண்ணீரில் உயிரோடு கிடக்கும். ஐஸ் செலவு இல்லை. செத்துவிட்டால் அதே மீனைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை உள்ளதைத்தான் கேட்பார்கள். ஒன்றரைக் கிலோ விரால் ஹோட்டலுக்குப் போகும், வீட்டுக்குப் போகாது. ஆபரேஷன் ஆன வீடு, பிள்ளை பெற்ற வீடு என்றால் விலை பேசாமல் வாங்கிப் போவார்கள்.

பண்ணை மீனைச் சனம் நிறத்தில் கண்டுபிடித்துவிடுகிறது, தார்ப்பாய்த் தொட்டியில் வளர்ந்தது வெளிறி இருக்கும். மண் குளத்து மீன் கறுத்து, வயிறு வெள்ளையாக இருக்கும். கிலோவுக்கு 50 ரூபாய் இதிலேயே மாறும். சாம்பல் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுத்துக் கொடுக்கிற கடையில் கூட்டம் இன்னும் கூட, அது வேறு கதை.

கிள்ளான்வாசி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதற்குப் பெயர் ஹாருவான். சிசேரியன் ஆனவர்களுக்கு ஹாருவான் சூப் கொடுப்பது மலாய், சீனர், தமிழர் எல்லா வீட்டிலும் பழக்கம். அதன் சாரத்தை மாத்திரையாக, களிம்பாகவும் விற்கிறார்கள். இங்கே பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடக்கிறது.

செவுள்:
ஆமாம், இந்தோனேசியாவிலும் அப்படித்தான், அங்கே காபுஸ் என்பார்கள். ஆல்புமின் புரதம் அதிகம், புண் ஆறுவதோடு தொடர்புள்ள சில அமினோ அமிலங்களும் கொழுப்பு அமிலங்களும் உண்டு. அதற்காக மருந்தை நிறுத்திவிட்டு விரால் குழம்பு சாப்பிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

தென்கிழக்கு ஆசியா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கம்போடியாவில் விரால் வளர்ப்பு பெருகியபோது, ஆற்றில் பிடித்த பொடிமீனையே அரைத்துப் போட்டார்கள். ஒரு கிலோ விராலுக்கு நாலைந்து கிலோ பொடிமீன். ஏழைகள் தின்கிற மீன் பணக்கார மீனின் வாய்க்குப் போகிறது என்று 2000-களின் நடுவில் அரசு விரால் வளர்ப்பையே தடை செய்துவிட்டது. குஞ்சிலிருந்தே தீவனத்துக்குப் பழக்கும் முறை கைகூடிய பிறகு, 2016-இல்தான் தடையை நீக்கினார்கள். கண்மாய்க்காரன் அண்ணன் சொன்ன அயிரைக் கணக்கை ஒரு நாடே போட்டுப் பார்த்திருக்கிறது.

இன்னொன்று. "வியட்நாம் விரால், சீக்கிரம் வளரும்" என்று சொல்லி விற்கிற குஞ்சை வாங்காதீர்கள். வெளிநாட்டு மீனை அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படி தவறு. அதைவிடப் பெரிய காரணம், அங்கே இருக்கும் விராலும் நம் விராலும் பெயரில் ஒன்று, மரபணுவில் வெகுதூரம் விலகியவை. உங்கள் குளம் வெள்ளத்தில் உடைந்தால் அது காவிரி வாய்க்கால்களில் இறங்கும். திரும்பிப் பொறுக்கி எடுக்க முடியாது.

வயல்வெளி:
வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதேதான் சார், வியட்நாம், அதனால்தான் எட்டு மாதம்" என்று பெருமையாகச் சொன்னார். எழுதித் தரக் கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

கண்மாய்க்காரன்:
நான் சொன்னேனா இல்லையா.

சரி, கணக்குக்கு வா. நாற்பது சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள மிதவைத் தீவனம் நான் வாங்கியது கிலோ 110 ரூபாய். நன்றாகத் தின்கிற மீன் ஒரு கிலோ ஏற ஒன்றரைக் கிலோ தீவனம் எடுக்கும், ஆக 165. குஞ்சு 12 ரூபாய், பாதி பிழைத்தால் கைக்கு வரும் ஒரு மீனுக்கு 24 ரூபாய். மீன் 600 கிராம் என்றால் கிலோவுக்கு 40. வலை, சுண்ணாம்பு, கரண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு 40. மொத்தம் 245. போன தடவை குளத்தடியில் எனக்குக் கிடைத்தது 340. கடையில் எவ்வளவுக்கு விற்கிறது என்று பார்த்து வயிறு எரியாதே, அது நம் விலை இல்லை.

இதே கணக்கில் நூற்றுக்கு முப்பது மட்டும் பிழைத்ததாக வை. குஞ்சுச் செலவு கிலோவுக்கு 67 ஆகும். செத்துப் போனவை சாவதற்கு முன் தின்ற தீவனம் வேறு. ஒன்றரை இரண்டாகும், 165 என்பது 220 ஆகும். 327 செலவு, 340 வரவு. ஒரு வருடம் காத்து 13 ரூபாய். நான் முதல் தடவை இதற்கும் கீழே. பண்ணைக்காரர்கள் "மகசூல்" என்று பேசுவார்கள், நீ பிழைப்பு விகிதத்தை மட்டும் கேள்.

வயல்வெளி:
அண்ணே, இந்தக் கணக்கை வீட்டில் காட்டினேன். அப்பா முதல் தடவையாக என் பக்கம் பேசினார். மானியம் ஏதாவது கிடைக்குமா?

ஓய்வுபெற்றவன்:
2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதுக் குளம் வெட்டவும் உள்ளீட்டுக்கும் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் வைத்தார்கள். நிலம் உன் அம்மா பெயரில் இருந்தால் அதையும் யோசி. மாவட்ட மீன்துறை அலுவலகத்தில் இப்போது என்ன நிதி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அனுமதி கையில் வந்த பிறகு வெட்டு. வெட்டிவிட்டுப் போனால் கிடைக்காது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உனக்குப் பக்கம்தான், பயிற்சி நடக்கிறதா என்று விசாரி.

சொல்வேட்டை:
குறவையையும் அவுரியையும் யாரும் வளர்ப்பதில்லையா? எங்கள் ஊரில் அவுரி, புலிவிரால் என்று ஒன்று இருக்கும், ஆள் தொடை மொத்தம் வரும்.

செவுள்:
அவுரி விராலைவிடப் பெரிதாக வளரும், ஆனால் அதன் குஞ்சை இன்னும் தேவைக்கு உற்பத்தி செய்ய முடியவில்லை. குறவை சின்ன மீன், சுவை பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், எடை ஏறாது. வளர்ப்புக்கு இப்போதைக்கு விரால்தான்.

வயல்வெளி:
ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 40 சென்ட்டையும் வெட்டவில்லை. 15 சென்ட்டில் நாலடிக்கு ஒரு குளம், வெட்டிய மண் முழுக்கக் கரைக்குப் போட்டேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் நாலு அங்குலக் குஞ்சு 800 வாங்கினேன். தீவனம் போடச் சொன்னேன், முதலில் "காலையில்தான் தின்றது" என்றார்கள். டீ குடித்துவிட்டு, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். போட்டதும் அடித்தது, அப்புறம்தான் பணம் கொடுத்தேன்.

முதல் ஒரு மாதம் மூன்று ஹாப்பாவில் வைத்து வாரா வாரம் பிரித்தேன். ஐந்தாவது வாரம் எண்ணியபோது 611. அதில் ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளம். அது எத்தனை தின்றிருக்கும் என்று தெரியவில்லை, தனியாக எடுத்து வீட்டுக் கிணற்றில் விட்டிருக்கிறேன். அம்மா தண்ணீர் இறைக்கப் போனால் மேலே வந்து பார்க்கிறதாம்.

இப்போது குளத்தில் இருப்பவை 300 கிராம் சுமாருக்கு வந்துவிட்டன. நேற்று ராத்திரி நல்ல மழை, இரண்டு மணிக்கு டார்ச்சோடு கரையைச் சுற்றி வந்தேன். வலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கிடக்கவில்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் வலையடி மண் கரைந்திருக்கிறது, காலையில் இரண்டு கூடை மண் போட வேண்டும். கண்மாய்க்காரன் அண்ணே, ஐப்பசிக்கு முன் ஒரு தடவை சுண்ணாம்பு போடுவதென்றால் 15 சென்ட்டுக்கு எவ்வளவு?

கண்மாய்க்காரன்:
தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சொல், அப்புறம் கிலோ சொல்கிறேன். கிணற்றில் இருக்கிறவனை மறுபடி குளத்தில் விட்டுவிடாதே.